வாரம் ஓர் ஊசி: எடை குறைப்பு மருந்தைத் தொடங்குகிறவர்களுக்கு

பேனா ஊசியை வாங்கி வந்து மூன்று நாள் பிரிட்ஜில், வெண்ணெய் டப்பாவுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். ஊசி போடப் பயமில்லை. அம்மாவுக்குப் பல வருஷம் இன்சுலின் போட்டுவிட்ட கைதான் இது. போட்ட பிறகு உடம்புக்குள் என்ன நடக்கும், எத்தனை நாள் படுத்துக் கிடக்க வேண்டியிருக்கும், வகுப்பு நடுவே குமட்டினால் என்ன செய்வது என்ற யோசனைதான். டாக்டர் நன்றாகத்தான் சொன்னார். ஆனால் பத்து நிமிடத்தில் எவ்வளவு சொல்ல முடியும்? அந்த மூன்று நாளில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ உதவியிருக்கும். அதையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

நான் திருச்சியில் ஆசிரியை. வயது 47. தொடங்கும்போது உயரம் 160 செ.மீ., எடை 94 கிலோ. பிரஷர் மாத்திரை, கல்லீரலில் கொழுப்பு, மாடிப்படி ஏறினால் முட்டி வலி. ஒன்பது மாதத்தில் 80 கிலோவுக்கு வந்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. இந்த மருந்து உங்களுக்குச் சரிவருமா என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். சரி என்று அவர் சொன்ன பிறகு வீட்டில் என்ன நடக்கும் என்பதைத்தான் நான் சொல்ல முடியும்.

முதலிலேயே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாத டோஸ் எடையைக் குறைப்பதற்காகக் கொடுப்பது இல்லை. வயிற்றையும் குடலையும் பழக்குவதற்கான டோஸ் அது. இது புரியாமல்தான் நிறைய பேர் இரண்டாவது வாரமே மனம் விட்டுவிடுகிறார்கள், இல்லையென்றால் அவசரப்பட்டு டோஸை ஏற்றிக்கொண்டு அவதிப்படுகிறார்கள்.

எந்த மருந்து, என்ன செய்கிறது

இந்தியாவில் இப்போது அதிகம் பேசப்படுவது இரண்டு. ஒன்று செமாக்ளூட்டைடு. வெகோவி என்ற பெயரில் 2025 ஜூனில் இங்கே வந்தது. இன்னொன்று டிர்செபடைடு. மவுஞ்சாரோ என்ற பெயரில் 2025 மார்ச்சில் வந்தது. நான் போட்டுக்கொள்வது இரண்டாவது.

நாம் சாப்பிட்டதும் குடலில் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சுரக்கிறது. போதும் என்று மூளைக்குச் சொல்வதும், இரைப்பை காலியாகும் வேகத்தைக் குறைப்பதும், ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் இன்சுலினைச் சுரக்க வைப்பதும் அதன் வேலை. உடம்பில் இயல்பாகச் சுரப்பது சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடும். இந்த மருந்துகள் அதே வேலையைச் செய்துகொண்டு நாள் கணக்கில் தங்கிவிடுகின்றன. செமாக்ளூட்டைடு பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், டிர்செபடைடுக்கு 5 நாள். அதனால்தான் வாரம் ஒரு முறை போதுகிறது. டிர்செபடைடு இதோடு ஜிஐபி என்ற இன்னொரு ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

இந்த வகை மருந்தின் ஆரம்பம் ஒரு பல்லி. அமெரிக்காவின் பாலைவனப் பகுதிகளில் வாழும் கீலா மான்ஸ்டர் என்ற விஷப் பல்லியிடமிருந்து, ஜிஎல்பி-1 போலவே வேலை செய்யும், ஆனால் சீக்கிரம் சிதையாத ஒரு பொருளை 1990களின் தொடக்கத்தில் ஜான் எங் என்ற மருத்துவர் கண்டுபிடித்தார். அதிலிருந்து வந்த சுகர் ஊசிக்கு 2005இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதை நாளுக்கு இரண்டு முறை போட வேண்டும். வாரத்துக்கு ஒன்று என்ற இடத்துக்கு வர மேலும் பல வருஷம் ஆயிற்று.

எவ்வளவு குறையும்? 2021இல் வெளியான செமாக்ளூட்டைடு ஆய்வில் 1,961 பேர் கலந்துகொண்டார்கள். 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீத எடை குறைந்தது. மருந்தில்லாத வெறும் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு 2.4 சதவீதம். 2022இல் வெளியான டிர்செபடைடு ஆய்வில் 72 வாரத்தில் 5 மி.கி. போட்டவர்களுக்குச் சுமார் 15 சதவீதமும், 15 மி.கி. போட்டவர்களுக்குச் சுமார் 21 சதவீதமும் குறைந்தது. வாரங்களைக் கவனியுங்கள். ஒன்றரை வருஷக் கணக்கு இது. இரண்டு ஆய்விலும் எல்லோருக்கும் சாப்பாடு, உடற்பயிற்சி பற்றிய ஆலோசனையும் கூடவே தரப்பட்டது.

டாக்டரிடம் மறைக்கக் கூடாதவை

பொதுவாக பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், 30க்கு மேல் இருப்பவர்களுக்கும், 27க்கு மேல் இருந்து கூடவே சுகர், பிரஷர் மாதிரி ஏதாவது இருப்பவர்களுக்கும்தான் எடைக்காக இதை எழுதுகிறார்கள். கல்யாணத்துக்கு முன்னால் நாலு கிலோ குறைக்க வேண்டும் என்பதற்கான மருந்து இல்லை இது.

கீழே உள்ளவற்றில் ஏதாவது உங்களுக்கு இருந்தால், அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

- குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி வகை தைராய்டு புற்றுநோய், அல்லது எம்இஎன்-2 என்ற பரம்பரை நோய். இருந்தால் இந்த ஊசி கூடாது. சாதாரண தைராய்டு குறைவுக்கு மாத்திரை சாப்பிடுவது வேறு. அதற்கும் இதற்கும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.
- முன்பு கணைய அழற்சி வந்திருந்தாலோ, பித்தப்பையில் கல் இருந்தாலோ.
- இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு மாதிரி சுகர் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால். இந்த ஊசியும் சேரும்போது சுகர் அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். பழைய மருந்தின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.
- சுகரால் கண்ணின் விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தால்.
- கர்ப்பம், தாய்ப்பால், குழந்தைக்குத் திட்டம். செமாக்ளூட்டைடு என்றால் கருத்தரிக்க முயல்வதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைடு போடுகிறவர்கள் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பக் கூடாது. தொடங்கியதும் 4 வாரம், ஒவ்வொரு முறை டோஸ் ஏற்றியதும் 4 வாரம், வேறு தடுப்பும் வேண்டும். எடை குறைந்ததும் மாதவிடாய் ஒழுங்காகி, எதிர்பாராமல் கரு தங்கிவிடுவதும் உண்டு. நம் ஊரில் இதைப் பேசக் கூச்சப்படுகிறார்கள். தயவுசெய்து பேசுங்கள்.

தொடங்கும் முன் எனக்கு மூன்று மாத சுகர், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், கல்லீரல், தைராய்டு, கொழுப்பு எல்லாம் பார்த்தார்கள். ஒரு ஸ்கேனும் எடுத்தார்கள். எடையோடு இடுப்புச் சுற்றளவையும் அன்றே அளந்து எழுதி வையுங்கள். தராசு அசையாத வாரங்களில் அந்த அளவுதான் தைரியம் கொடுக்கும்.

வாங்குவதும் வைப்பதும்

மவுஞ்சாரோ அறிமுகமானபோது 2.5 மி.கி. குப்பி ஒன்று 3,500 ரூபாய், 5 மி.கி. 4,375 ரூபாய். மாதத்துக்கு நான்கு வேண்டும். வெகோவியின் ஆரம்ப டோஸ் அறிமுகத்தில் மாதம் 17,345 ரூபாயாக இருந்து, 2025 நவம்பரில் 10,850 ஆனது. செமாக்ளூட்டைடின் இந்தியக் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரைதான் என்பதால், அதன் பிறகு மற்ற நிறுவனங்களும் தயாரிக்க வழி உண்டு. அதனால் விலையை வாங்கும் நாளில் கேட்டுக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில், ஒரு வருஷச் செலவைக் குடும்பத்தோடு உட்கார்ந்து கணக்குப் போட்ட பிறகு தொடங்குவது நல்லது. பாதியில் பணம் இல்லாமல் நிறுத்துவது மனதுக்கும் உடம்புக்கும் கஷ்டம்.

டாக்டர் சீட்டோடு, பில் தரும் மெடிக்கல் ஷாப்பில் மட்டும் வாங்குங்கள். 2024 ஜூனில் போலி செமாக்ளூட்டைடு பற்றி உலக சுகாதார நிறுவனமே எச்சரிக்கை விட்டது. வாட்ஸ்அப்பில் பாதி விலைக்குத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் வேண்டாம்.

பிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பிரீசருக்கு ஒட்டி வைத்தால் உறைந்துவிடும். உறைந்ததை இளகவைத்துப் போடக் கூடாது, தூக்கித்தான் போட வேண்டும். சில நாள் வெளியே இருக்கலாம் என்று உள்ளே இருக்கும் தாளில் போட்டிருக்கும், ஆனால் 30 டிகிரிக்குக் கீழே என்றும் போட்டிருக்கும். திருச்சியில் சித்திரை மாதம் வீட்டுக்குள்ளேயே அதற்கு மேல்தான். கடையிலிருந்து கொண்டு வரும்போதே பனிக்கட்டிப் பொதி போட்ட பையில் வாங்குங்கள். மருந்து பனிக்கட்டியில் நேராகப் படாமல் ஒரு துணியைச் சுற்றிவிடுங்கள்.

முதல் ஊசி

நான் வெள்ளிக்கிழமை இரவைத் தேர்ந்தெடுத்தேன். போட்ட முதல் ஒன்றிரண்டு நாளில்தான் பெரும்பாலும் குமட்டல் வரும் என்றார்கள். அது சனி, ஞாயிறில் வந்து போகட்டும் என்ற கணக்கு. நேரம் எதுவானாலும் பரவாயில்லை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதும் இல்லை.

பேனாவை அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்தேன். சில்லென்று இருந்தால் எரியும். சோப்புப் போட்டுக் கை கழுவினேன். மருந்து தெளிவாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தேன். கலங்கியிருந்தாலோ துகள் மிதந்தாலோ போடக் கூடாது. புது முனையைத் திருகி, தாளில் சொன்னபடி கொஞ்சம் மருந்தை வெளியே தள்ளிப் பார்த்தேன். தொப்புளிலிருந்து நாலு விரல் தள்ளி வயிற்றுத் தோலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, காயவிட்டு, நேராகக் குத்தி, பொத்தானை முழுக்க அழுத்தி, பத்து வரை எண்ணிவிட்டு எடுத்தேன். கொசு கடித்த அளவுகூட வலி இல்லை. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மகள், “போட்டாச்சாம்மா?” என்று கேட்டாள்.

தொடையின் முன்பக்கத்திலும் போடலாம். வாரா வாரம் இடத்தை மாற்றுங்கள். குப்பியாக வாங்கினால் சிரிஞ்சில் எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதை முதல் முறை நர்ஸிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். ஒருவர் பேனாவை இன்னொருவர் பயன்படுத்தக் கூடாது. முனையை மாற்றினாலும் கூடாது, கணவன் மனைவி என்றாலும் கூடாது.

போட்ட முனையைக் குப்பைப் பையில் அப்படியே போடாதீர்கள். காலையில் குப்பை பிரிக்கிற தூய்மைப் பணியாளரின் கையில் குத்தும். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து வைத்து, நிறைந்ததும் மூடி, மருத்துவமனையிலோ லேப்பிலோ கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.

முதல் நான்கு வாரம்

சனிக்கிழமை ஒன்றும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி. வழக்கமாக ஐந்து சாப்பிடுவேன். இரண்டு முடித்து மூன்றாவதைப் பிட்டுச் சாம்பாரில் தோய்த்துவிட்டேன். வாய்க்குக் கொண்டுபோகத் தோன்றவில்லை. வயிறு வலியில்லை, வெறுப்பும் இல்லை. போதும் என்று இருந்தது, அவ்வளவுதான். எனக்கு நினைவு தெரிந்து தட்டில் இட்லி இருக்கும்போது அப்படித் தோன்றியதே கிடையாது.

திங்கட்கிழமை இன்னும் ஆச்சரியம். பள்ளி முடிந்து வரும் வழியில் ஒரு பஜ்ஜிக் கடை உண்டு. இருபது வருஷமாக மூன்றரை மணிக்கே அந்த நினைப்பு தொடங்கிவிடும். அன்று கடையைத் தாண்டி பஸ் ஸ்டாப்புக்கு வந்த பிறகுதான் தாண்டி வந்ததே உறைத்தது. மண்டைக்குள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த சாப்பாட்டு நினைப்பு அடங்கியிருந்தது. அன்று இரவு எனக்கு அழுகை வந்துவிட்டது. “வாயைக் கட்ட முடியாதா?” என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள். என் மனஉறுதி அன்று ஒன்றும் கூடிவிடவில்லை. பசிதான் மாறியிருந்தது. குண்டாக இருப்பது சோம்பேறித்தனம் என்று நம்புகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான்.

எல்லோருக்கும் முதல் வாரமே இப்படி இருக்காது. என்னோடு தொடங்கிய தோழிக்கு முதல் மாதம் எந்த மாற்றமும் தெரியவில்லை. 5 மி.கி.க்குப் போன பிறகுதான் பசி குறைந்தது. அதுவும் இயல்புதான். ஐந்தாறு நாள் கழித்துப் பசி திரும்ப எட்டிப் பார்ப்பதும் இயல்புதான். முதல் மாதம் எனக்கு 2 கிலோ குறைந்தது. ஒன்றுமே குறையாவிட்டாலும் மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை.

குமட்டல், மலச்சிக்கல்

முன்னே சொன்ன செமாக்ளூட்டைடு ஆய்வில் நூற்றுக்கு 44 பேருக்குக் குமட்டல், சுமார் 25 பேருக்கு வாந்தி, 23 பேருக்கு மலச்சிக்கல் இருந்தது. வயிற்று உபத்திரவத்தால் மருந்தையே நிறுத்தியவர்கள் 4.5 சதவீதம்தான். அதாவது வரும், பெரும்பாலும் போய்விடும். டோஸ் ஏற்றும் ஒவ்வொரு முறையும் சில நாள் திரும்பி வரும்.

இரைப்பை மெதுவாகக் காலியாகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். உள்ளே போனது நெடுநேரம் அங்கேயே இருக்கும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, மென்று, மெதுவாக. வயிறு நிறைந்த உணர்வு வரும் முன்பே கையை எடுத்துவிடுங்கள். அந்தக் கடைசிப் பிடிதான் வாந்தியில் கொண்டுபோய் விடும். எண்ணெயில் பொரித்தது, கொழுப்பு அதிகமானது நெடுநேரம் தங்கும். சாப்பிட்டதும் படுக்கக் கூடாது. இரவுச் சாப்பாட்டை ஏழரைக்குள் முடித்ததே எனக்குப் பாதி நெஞ்செரிச்சலைக் குறைத்தது.

ஊசி போட்ட மறுநாள் எனக்கு ஒத்துக்கொண்டவை: ரசம் சாதம் குழைவாக, இடியாப்பம், மோர், இஞ்சித் தேநீர், வேகவைத்த முட்டை. ஒத்துக்கொள்ளாதது பூரி, வடை, பிரியாணி. முதல் மாதம் சாம்பார் தாளிக்கும் வாசனையே பிடிக்கவில்லை, அப்புறம் சரியாகிவிட்டது.

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். 5 மி.கி.க்கு ஏற்றிய மூன்றாம் நாள், சொந்தத்தில் ஒரு வரவேற்பு. பசியே இல்லை. “என்ன இவ்வளவுதானா?” என்று அத்தை இரண்டாவது பரோட்டாவை வைத்துச் சால்னாவை ஊற்றினார். மறுக்க மனமில்லாமல் சாப்பிட்டேன், மேலே ஐஸ்கிரீமும். இரவு பதினொன்றுக்குத் தொடங்கிய வாந்தி விடிகாலை நாலு மணிக்குத்தான் நின்றது. அதன் பிறகு விசேஷத்துக்குப் போனால், “டாக்டர் ஒரு மருந்து கொடுத்திருக்கிறார், அதிகம் சாப்பிடக் கூடாது” என்று இலையில் உட்காரும் முன்பே சொல்லிவிடுகிறேன். யாரும் வற்புறுத்துவதில்லை.

மலச்சிக்கல் சத்தமில்லாமல் வரும். சாப்பாடு குறையும்போது தண்ணீரும் நார்ச்சத்தும் சேர்ந்தே குறைவதுதான் காரணம். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடிக்க வேண்டும். வாழைத்தண்டு, கீரை, கொய்யா, அரை மணி நேர நடை. நாலு நாள் ஆகியும் போகவில்லை என்றால் இசப்கோல் எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வாந்தியோ பேதியோ இருந்தால் ஓஆர்எஸ் கரைசல். தண்ணீர் வற்றினால் சிறுநீரகம் பாதிக்கும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

குறைந்த சாப்பாட்டில் என்ன இருக்க வேண்டும்

ஊசி பசியைக் குறைக்கும். தட்டில் என்ன வைப்பது என்பது நம் கையில்தான் இருக்கிறது. ஒரு கரண்டிச் சாதமும் ரசமுமாக நாளை ஓட்டிவிடலாம், எடையும் இறங்கும். ஆனால் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும், முடி கொட்டும், நடந்தால் கால் தள்ளாடும். எனக்கு நாலாவது மாதம் முடி கொத்துக் கொத்தாக வந்தது. வேகமாக எடை குறைந்தால் அப்படி ஆகும், சில மாதத்தில் நின்றுவிடும் என்றார் டாக்டர், நின்றுவிட்டது. ஆனால் புரதத்தை அவர் முதலிலேயே சொல்லியும் நான் கவனிக்கவில்லை.

இப்போது என் பழக்கம், தட்டில் முதலில் புரதத்தைச் சாப்பிடுவது. இடம் மிச்சமிருந்தால் காய், கடைசியில் சாதம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் பனீரில் சுமார் 18 கிராம், ஒரு கப் வெந்த கொண்டைக்கடலையில் 14 கிராம். மீன் குழம்பு வைத்தால் குழம்பைவிட மீன் துண்டு முக்கியம். உங்களுக்கு நாளுக்கு எவ்வளவு என்பதை டாக்டரோ டயட்டீஷியனோ சொல்லட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தானாகக் கூட்டிவிடக் கூடாது.

நடை மட்டும் போதாது. வாரம் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை வேண்டும். நான் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது என்றுதான் தொடங்கினேன்.

டோஸ் ஏற்றுவது

செமாக்ளூட்டைடு 0.25 மி.கி.யில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒரு முறை 0.5, 1, 1.7, 2.4 என்று ஏறும். டிர்செபடைடு 2.5இல் தொடங்கி 5. அதன் பிறகு தேவைப்பட்டால் குறைந்தது நான்கு வார இடைவெளியில் 2.5 கூட்டிக்கொண்டே அதிகபட்சம் 15 வரை. உச்சி டோஸுக்கு எல்லோரும் போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை. குமட்டல் அடங்காவிட்டால் அதே டோஸில் இன்னொரு மாதம் இருக்கலாம். நான் 7.5இல் நிற்கிறேன். எடை இறங்கிக்கொண்டிருக்கிறது, உடம்பும் தாங்குகிறது, அதனால் டாக்டரும் ஏற்றவில்லை.

ஊசி போட மறந்தால்: செமாக்ளூட்டைடு என்றால் 5 நாளுக்குள், டிர்செபடைடு என்றால் 4 நாளுக்குள் நினைவு வந்தால் போட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் ஆகிவிட்டால் விட்டுவிட்டு அடுத்த முறைக்குக் காத்திருங்கள். விட்டுப்போனதையும் அடுத்ததையும் சேர்த்துப் போடவே கூடாது. தொடர்ந்து இரண்டு, மூன்று வாரம் விட்டுப்போனால் பழைய டோஸுக்கு நேராகப் போகாமல் டாக்டரைக் கேளுங்கள். கீழிருந்து தொடங்கச் சொல்லக்கூடும்.

ரமலான் நோன்போ சஷ்டி விரதமோ இருப்பவர்கள் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஏதாவது அறுவை சிகிச்சை, எண்டோஸ்கோபி என்றால் மயக்க மருந்து தருபவரிடம் இந்த ஊசியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். இரவெல்லாம் பட்டினி இருந்தாலும் இரைப்பையில் உணவு மிச்சமிருக்கலாம்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

மேல்வயிற்றில் கடுமையான வலி, முதுகுக்குப் பரவி, விடாமல் இருந்தால் கணையம் காரணமாக இருக்கலாம். அடுத்த ஊசியைப் போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கேஸ் என்று சோடா குடித்துக்கொண்டிருக்க வேண்டாம். வலது விலா எலும்புக்குக் கீழே வலி, காய்ச்சல், கண் மஞ்சளானால் பித்தப்பை. வேகமாக எடை குறையும்போது கல் உருவாக வாய்ப்பு கூடும். தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, சிறுநீர் குறைந்து கருமஞ்சளாவது, திடீரென்று பார்வை மங்குவது, முகம் வீங்கி மூச்சுத் திணறுவது, கழுத்தில் கட்டி, மனம் மிகவும் சோர்ந்து போவது, இவை எல்லாவற்றுக்கும் அன்றே டாக்டர். சுகர் மருந்தும் எடுப்பவர்களுக்குக் கை நடுங்கி வியர்த்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணி நேரத்தில் சுகரைப் பாருங்கள்.

எத்தனை நாள் போட வேண்டும்

என்னிடம் எல்லோரும் கேட்பது இதுதான். செமாக்ளூட்டைடை நிறுத்தியவர்களை ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்திருந்தது. பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் பிரஷர் ஏறுவது போலத்தான். மருந்து போனதும் பழைய பசி திரும்பிவிடுகிறது. அதனால் மூன்று மாதம் போட்டுவிட்டு நிறுத்திவிடலாம் என்று நினைத்துத் தொடங்குவதாக இருந்தால், டாக்டரிடம் அதையும் பேசிவிட்டே தொடங்குங்கள்.

என் பிரஷர் மாத்திரையைப் பாதியாக்கியிருக்கிறார்கள். நீங்களும் எடை இறங்க இறங்க, தலை சுற்றினால் பிரஷரைப் பாருங்கள். தைராய்டு, சுகர் மாத்திரைகளின் அளவும் மாற வேண்டியிருக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது ஒரு சின்ன நோட்டுக் கொண்டுபோகிறேன். ஊசி தேதி, போட்ட இடம், டோஸ், எடை, இடுப்பு, அந்த வாரம் எத்தனை நாள் குமட்டல், எத்தனை நாள் மலம் போகவில்லை, எல்லாம் ஒரு வரியில். பத்து நிமிடத்தில் அவர் அதைப் பார்த்துத்தான் முடிவு எடுக்கிறார். முதல் ஊசி போடும் இரவே முதல் வரியை எழுதிவிடுங்கள்.